கண்காட்சி வீட்டில் தேநீர் உபசாரம்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கோடை விடுமுறையில் நடந்தது இது. அப்போது நாங்கள் நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டா பகுதியில் குடியிருந்தோம். நம் நாட்டு முன்னோடிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று போய்ப் பாருங்கள் என மகளின் பள்ளி ஆசிரியை சொல்லியிருந்ததால், குடும்பமாக ஓர் அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டோம். 'நம்' என்றால் யார் யார் என்று ஒன்பது வயது மகள் ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தாள். என் கணவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காடு வெட்டிக் குடியேறியவர்களின் மரவீடுகளை எல்லாம் பார்த்து முடித்தோம். கடைசியில், வெளிநாட்டிலிருந்து முதன்முதல் வந்த தொழிலாளர் குடும்பம் ஒன்றின் வீட்டை அப்படியே அமைத்திருந்தார்கள். பூப்போட்ட விரிப்புப் போட்ட செற்றி, எவர்சில்வர் குவளைகள், அலுமாரிக்கு மேல் ஒரு பயணப்பெட்டி. எங்கள் அலுமாரிக்கு மேலும் அப்படி ஒன்று இருந்தது. எப்போதாவது ஊருக்குத் திரும்பிப் போவோம் என்று இறக்காமல் வைத்திருந்த பெட்டி.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. வீடென்றால் கழற்றத்தானே வேண்டும்? கால் உளைந்ததால் நானும் மகளும் செற்றியில் உட்கார்ந்துவிட்டோம். கசங்கியிருந்த விரிப்பைக் கை தானாக இழுத்துச் சரிசெய்தது.

அந்நேரம் வயதான நோர்வேஜியத் தம்பதி ஒன்று வாசலுக்கு வந்தது. எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டுத் தங்களுடையதையும் கழற்றி, உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். நான் சட்டென்று எழுந்து, வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று நோர்வேஜிய மொழியில் கேட்டுவிட்டேன்!

"இதென்னப்பா, விசரே உமக்கு? இது மியூசியம்!" என்று கணவர் காதருகில் சீறினார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அதற்குள் அந்த அம்மா உட்கார்ந்து, நான் எப்போது வந்தேன், முதல் குளிர்காலம் எப்படி இருந்தது என்று ஆவலாக விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எங்களை அங்கே அந்த வீட்டுக் குடும்பமாக நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. நான் பொய் சொல்லவில்லை; கேட்டதற்கெல்லாம் என் கதையையே சொன்னேன். வாசலில் இன்னும் நாலு பேர் நின்று கேட்டார்கள். ஒருவர் படமும் எடுத்தார். விடைபெறும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, உங்கள் வீடு அழகாக இருக்கிறது என்றார். நன்றி என்றேன். வேறென்ன சொல்ல?

மகள் என் சட்டையை இழுத்தாள். "அம்மா, நாங்கள் பாக்க வந்தனாங்களோ, இல்லாட்டி எங்களைப் பாக்கத்தான் அவையள் வந்தவையோ?"

"சப்பாத்தைப் போடு பிள்ளை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பவும் மேலேயே ஏற்றிவிட்டேன். ஆனால் அங்கே, இது யாருடைய வீடு என்று யோசிக்காமல் "வாங்கோ" என்று சொன்னேனே, இந்த நாட்டில் நான் குழப்பமில்லாமல் இருந்தது அந்த ஒரு நொடிதான் என்று இப்போதும் தோன்றுகிறது.