ரங்கூனிலிருந்து வந்த பிடில்

யுத்த காலத்தில் அடையாறில் ஒரு பங்களாக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் மேல்நாட்டு வாத்தியக் கச்சேரி நடக்கும். ஒரு வாரம் பம்பாயிலிருந்து வந்த குழு நாலு பேராக உட்கார்ந்து வாசிக்கும். மறு வாரம் உள்ளூர்க் குழு. நாற்காலி போடுவது என் பொறுப்பு.

உள்ளூர்க் குழுவில் இரண்டாவது பிடில் வாசித்தவரை ரங்கூன்காரர் என்பார்கள். ஒட்டிய கன்னம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். வாசித்து முடித்ததும் யாரோடும் பேசாமல் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

ஒருநாள் பின்னாலேயே போய், "அத்தனை தூரம் பிடிலைக் காப்பாத்திக் கொண்டுவந்தேளே சார், பெரிய விஷயம்" என்றேன்.

அவர் நின்றார்.

"என் பொண்ணும் கூட நடந்து வந்தா. ஆறு வயசு. தூக்கிக்கோப்பா, தூக்கிக்கோப்பான்னு கேட்டுண்டே வந்தா. தோள்ல பிடில் இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் நடம்மான்னேன். ஜுரம் வந்து விழுந்தப்புறம்தான் தூக்கிண்டேன். மறுநாள் காலம்பற உயிர் இல்லே."

அவர் கேட்டைத் திறந்துகொண்டு போனார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். உள்ளூர்க் குழுவின் அடுத்த கச்சேரிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார்.

"அன்னிக்குச் சொன்னதை யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ. பாவம், இவர் வாசிக்க வேண்டாம்னு சொல்லிடுவா. வாசிக்காம என்னால இருக்க முடியாது" என்றார்.

நான் சொல்லவில்லை. அன்று அவர் மிக நன்றாக வாசித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.