முப்பத்திரண்டாவது மதர்போர்டு

ஆறு ஆண்டுகளில் வீரசிங்கம் எழுதிய மதர்போர்டு விமர்சனங்கள் முப்பத்தொன்று. ஒன்றைக்கூட அவர் பாராட்டியதில்லை. ஒரு முறை ஏதோ ஒரு ஸ்க்ரூடிரைவரைப் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டார். அதற்கே வாசகர் ஒருவர், ஐயாவுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்துக் கடிதம் போட்டார்.

தொலைபேசி இலாகாவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்புக்குக் கணினிப் பக்கம் எழுதினார். போர்டு என்றால் குப்பை. அதை இறக்குபவன் குப்பை வியாபாரி. அதை வாங்குபவனுக்கு அவர் வைத்திருந்த சொல்லை நாளிதழ் அச்சிடாது. அவருடைய தொழில்நுட்பக் கொள்கை மொத்தமும் இவ்வளவுதான். வாசகர்களுக்கு அது பிடித்திருந்தது. அவர் காறித் துப்பிய போர்டு கிள்ளானிலும் விலைபோகாது, கோலாலம்பூரிலும் விலைபோகாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டுரையை ஃபேக்ஸில் அனுப்பிய கையோடு, போர்டைக் கொடுத்த வியாபாரியை வீட்டுக்கு வரச் சொல்வார். எதிர் நாற்காலியில் உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போர்டைத் திருப்பிக் கொடுப்பார். தேநீரும் கிடைக்கும்.

1997 அக்டோபரில், விஜயதசமி அன்று மாலை, அந்த நாற்காலியில் சந்திரகலா உட்கார்ந்திருந்தாள். கிள்ளானில் கணினிக் கடை வைத்திருப்பவள். ரிங்கிட் சரிந்துகொண்டிருந்த நேரத்தில் துணிந்து, புது சிப்செட் போட்ட நடுத்தர விலை போர்டு இருநூறை இறக்கியிருந்தாள். போர்ட் கிள்ளானிலிருந்து லோரியில் வந்த பெட்டிகள் அவள் கடையில் கழிப்பறை வாசல்வரை நின்றன. நாளைய பக்கம் குப்பை என்று சொன்னால், கடையை மூடிவிட்டு அந்தப் பெட்டிகள்மேலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீரசிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“‘சிப்செட் புதிது என்கிறார்கள். புதுச் செருப்பு போட்டால்கூடச் செந்தூல்வரை நடந்துவிடலாம். இந்த போர்டு, விண்டோஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. எழுப்பினால் மறுபடி உட்காருகிறது.’”

“ராமை மாத்திப் பார்த்தீங்களா அங்கிள்?”

“மாத்தினனான். பவர் சப்ளையும் மாத்தினனான். வித்த உன்னைத்தான் மாத்த ஏலாமல் கிடக்கு.” யாழ்ப்பாணத்துப் பேச்சை அவர் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

“கடையில நாலு போர்டு ராவும் பகலும் ஓடுது. ஒண்ணுகூட ஹேங் ஆகலை லா!”

“கடையில ஓடும். கலியாண வீட்டில எல்லாரும்தான் சிரிப்பினம்.”

வீரசிங்கம் தமக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“‘பெரிய சிப்பின் ஓரத்தில், ஆலையில் சோதித்துத் தேறியதற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் புள்ளி வேறு வைத்திருக்கிறார்கள். சோதித்தவனுக்குக் கண் எங்கே இருந்ததோ!’”

“என்ன புள்ளி?”

“மஞ்சள் புள்ளி. சோதனை முடிஞ்சால் ஆலைக்காரன் வைக்கிறது. இதுகூடத் தெரியாமல் கடை வைச்சிருக்கிறாய்.”

“என் போர்டுல புள்ளியே கிடையாது அங்கிள். ஸ்டிக்கர்தான் ஒட்டுவான். பெட்டி பெட்டியா பிரிச்சிப் பார்த்தவ நான்.”

வீரசிங்கம் போர்டை எடுத்து விளக்கடியில் பிடித்தார். புள்ளி சிப்பின் கால்களுக்கு நடுவில் வழிந்து இறங்கியிருந்தது. அதன் நடுவில் சின்னதாகச் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனார். பன்னீர் வாசனை.

“நேசம்!”

அவர் மனைவி நேசம்மா சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். “நேற்று சரஸ்வதி பூசைக்கு நீங்கள்தானே சொன்னியள்? ‘பொட்டு வைக்கிறதெண்டால் மேசையில கிடக்கிற எல்லாத்துக்கும் வை, என்னை அரியண்டப்படுத்தாதை’ எண்டு. அகராதிக்கு வைச்சன், மீட்டருக்கு வைச்சன், அதுக்கும் வைச்சன்.”

“சந்தனத்தைப் பன்னீர் விட்டோ குழைச்சனீ?”

“வருசா வருசம் பன்னீர்தான். இப்ப என்ன?”

யாரைக் கேவலமாகப் பார்ப்பது என்று தெரியாமல் வீரசிங்கம் சுவரைப் பார்த்தார். சந்திரகலா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “கண் எங்க இருந்துச்சுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு, அங்கிள்.”

அவர் பழைய பல் துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துச் சிப்பின் கால்களைத் தேய்த்தார். காயவிட்டு மின்சாரம் கொடுத்தார். விண்டோஸ் ஏறியது. திரை உறையவில்லை. இரண்டாவது தேநீர் முடிந்தபோதும் உறையவில்லை. இப்போதாவது உட்காராதா என்று, பகையாளியைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சனியன் ஓடியது.

“போன் பண்ணுங்க” என்றாள் சந்திரகலா.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோன வியாபாரிகள் அத்தனை பேரும் சிரிப்பது அவர் காதில் கேட்டது.

“பேப்பர் ஆபீஸ்ல ராதாகிருஷ்ணன் அண்ணே நம்பர் எங்கிட்டேயும் இருக்கு. நீங்க சொல்றீங்களா, நான் சந்தனத்தோட சேர்த்துச் சொல்லட்டா?”

வீரசிங்கம் போனை எடுத்தார். பக்கம் கட்டும் ராதாகிருஷ்ணன் உற்சாகமாகப் பேசினார்.

“சார், இந்த வாரம் நல்லா கழுவி ஊத்தியிருக்கீங்க! பக்கம் ரெடி.”

“பக்கத்தைப் பிரியும். வேற சொல்லுறன், எழுதும்.”

“ஏன் சார்?”

“போர்டு வேலை செய்யுது.”

“சார், உடம்புக்கு ஏதாச்சும்…?”

“எழுதும் எண்டால் எழுதும்!”

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நான்கே வாக்கியம் வந்தது. புதிய சிப்செட் போட்ட இந்த போர்டு வேலை செய்கிறது. நிற்காமல் ஓடுகிறது. கையேட்டின் ஆங்கிலம் கேவலம். பெட்டியின் நிறம் அதைவிடக் கேவலம். மிச்ச இடத்தில் ராதாகிருஷ்ணன் ஒரு சோப்பு விளம்பரத்தைப் போட்டு அடைத்தார். சந்தனத்தைப் பற்றி வீரசிங்கம் வாய் திறக்கவில்லை. சந்திரகலாவும் கேட்கவில்லை.

தீபாவளிக்குள் கழிப்பறை வாசல் பெட்டிகள் காலியாகின. அவள் கடையில் விற்ற எல்லா போர்டுகளின் வாரண்டி அட்டையிலும் புதிதாக ஒரு வரி இருந்தது: சந்தனம், குங்குமம் வைத்த போர்டுக்கு வாரண்டி இல்லை.