மேலே ஏறாத வலது கை

அன்பானவர்களே, ஒரு டி-சர்ட் என்னைச் சிறைப்பிடித்த காலையிலிருந்து சொல்கிறேன்.

2000-ஐத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தலைக்குமேல் நகரும் கொக்கிகளில், பெயின்ட் அடிக்க வேண்டிய பாகங்களை மாட்டிவிட வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் திருநெல்வேலிப் பக்கம். நான் வாடகை அறையில் தனியாள்.

மூன்று மாதமாக வலது தோளில் வலி. அன்று யூனிஃபார்ம் டி-சர்ட்டைப் போடும்போது தோள் பூட்டிக்கொண்டது. ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, முகத்தின்மேல் துணி. தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. இழுத்துவிட ஓர் ஆள் இல்லை. அழுதேன். டி-சர்ட்டுக்குள் அழுவதில் ஒரு வசதி, கண் துடைக்கத் துணி தேட வேண்டாம்.

மாரடைப்புதான் என்று முடிவுகட்டினேன். இதயம் இடப்பக்கம் என்பது நினைவுக்கே வரவில்லை. "ஆண்டவரே, முதல்ல இதக் கழத்திவிடும். இந்தக் கோலத்துல உம்ம முன்னால வரமாட்டேன்" என்று ஜெபித்தேன். கடைசியில் இடது கையால் இழுத்து இழுத்து ஒருவழியாக வெளியே வந்தேன்.

உண்மையான பயம் வேறு. கை ஏறாவிட்டால் வேலை போய்விடும். வேலையில் இடது கையால் சமாளித்தேன். ஞாயிறுதோறும் டெலிபோன் பூத்திலிருந்து மனைவியிடம் பேசும்போது சிரிக்கச் சிரிக்கப் பேசி மறைத்தேன்.

எங்கள் ஜெபக்கூடத்தில் ஒரு வழக்கம். "ஜெபம் தேவைப்படுகிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பார் போதகர். உயர்த்தியவர்கள் தலையில் கைவைத்து ஜெபிப்பார். எனக்கு உயராததே கைதான்! இடது கையை உயர்த்தலாமே என்பீர்கள். கடவுளுக்கு இடது கை காட்டுவதா என்று கூசினேன். ஆறு வாரம் என் தலையை யாரும் தொடவில்லை. "நான் கேட்பது உமக்குத் தெரியாதா?" என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன்.

ஏழாவது ஞாயிறு, பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் சவுந்தர் அண்ணன் குனிந்து கேட்டார்.

"இன்னாப்பா, நானும் பாத்துகினே கீறேன். பாட்டுக்குக்கூட உன் கை ஏற மாட்டேங்குது?"

"சரணடைய மாட்டேன்னு அடம்பிடிக்கி அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. "வலிக்குதா?"

அந்த ஒரு சொல்லுக்கு என் ஜோக்கெல்லாம் தீர்ந்துபோனது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி இறுகிவிட்டது என்றார் டாக்டர். சோதித்ததில் சர்க்கரையும் இருந்தது. அதற்கு மாத்திரை, தோளுக்கு ஓர் ஊசி, தினமும் பயிற்சி. அவர் எழுதித் தந்த சீட்டைப் பார்த்து, சூப்பர்வைசர் என்னை உட்கார்ந்து செய்யும் செக்கிங் வேலைக்கு மாற்றினார். நான் பயந்த பயத்துக்கு, அவர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பயிற்சி என்றால், சுவரில் விரல்களை நண்டுபோல் மேலே நடத்த வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் சவுந்தர் அண்ணன் அறைக்கு வந்து, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவார்.

"நேத்தைக்கு மேல ஒரு நூலு ஏறிகீதுப்பா!"

"உங்க கண்ணுக்குத்தான் அண்ணாச்சி."

ஒரே நாளில் அற்புதம் கேட்டேன். ஆண்டவரோ, பத்து மாதம் என் கதவைத் தட்ட ஓர் ஆளை அனுப்பினார். மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினாள், அழுதாள், பிறகு ஜெபித்தாள்.

ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவே என் வலது கை காதைத் தாண்டி மேலே நின்றது. போதகர் ஜெபம் தேவையென்று நினைத்து என் தலையில் கை வைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. ஆறு வாரப் பாக்கி அல்லவா!

பிரியமானவர்களே, வலது கை எழவில்லையா? இடது கையை உயர்த்துங்கள், ஆண்டவர் கோபிக்க மாட்டார். அதுவும் எழவில்லையா? பக்கத்துப் பாயில் இருப்பவரிடம் "வலிக்கிறது" என்று சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே அனுப்பப்பட்ட ஆளாக இருக்கலாம்.