சோப்பைக் காட்டிக்கொடுத்த மெஷின்

பாட்டில் கழுவுகிறவளுக்குப் பேர் வராது, பழி மட்டும் வரும். கழுவித் துடைத்துப் பிழைக்கிற உங்களுக்கு இது தெரியும். தஞ்சாவூரில், நெல்லில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷமாக எனக்கு இந்த வேலை. எட்டாவதோடு நின்றவள். மெஷின் சமாச்சாரத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கண்ணாடிக்கு வெளியே

கண்ணாடி அறைக்குள் இருக்கிற அந்த மெஷினுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். என்னோடு பாட்டில் கழுவப் போன வருஷம் சேர்ந்த செல்வியை, பன்னிரண்டாவது படித்தவள் என்று அந்த ஏசி அறைக்குள்ளும் விட்டார்கள். கழுவ ஒருத்தி போதும், மற்றவளைத் தோட்ட வேலைக்கு மாற்றப்போகிறார்கள் என்றும் பேச்சு. எனக்குத் தூக்கம் போயிற்று.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று, மெஷினை ஓட்டுகிற மேடத்திடம் கேட்டேன். அரிசிச் சாற்றைப் புகைபோலத் தெளித்து, அதிலுள்ள துகள்களுக்கு மின்சாரம் ஏற்றி, காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில் ஓடவிடுமாம். எடைவாரியாகப் பிரித்து, எந்த எடையில் எத்தனை என்று திரையில் கோடுகளாகக் காட்டுமாம். துகளை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்தே இன்ன மருந்து என்று சொல்லிவிடலாமாம். "களத்துல தூத்துற மாதிரிங்களா? பதர் தனியா, நெல்லு தனியா?" என்றேன். மேடம் தலையாட்டினார். செல்விதான் சிரித்தாள்: "காத்தே இல்லாத இடத்துல எப்படிக்கா தூத்துவீங்க?"

பளபளப்பு

வயிறு எரிந்தது. சோப்பு வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்ததால் அவள் வெந்நீரிலும் கரைப்பானிலும் அலசுவதோடு சரி. அவளை மிஞ்சவேண்டும் என்று நான் யாருக்கும் தெரியாமல் சோப்புத்தூள் போட்டு, நுரை பொங்கத் தேய்த்தேன். என் பாட்டில்கள் வைரமாக மின்னின. செல்வி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுல மூஞ்சி பாத்துப் பொட்டு வைக்கப்போறோமாக்கா?"

படிக்கட்டு

ஒரத்தநாட்டு விவசாயிகள் நெல் கொடுத்திருந்தார்கள். முதலில், நாங்கள் கழுவிய பாட்டிலில் வெறும் கரைப்பானை ஊற்றி மெஷினில் ஓட்டுவது வழக்கம். திரையில் ஒன்றும் தெரியக்கூடாது. அன்று கோடு கோடாக எழுந்தது. "செல்வி கைக்கு க்ரீம் பூசுறாங்க மேடம்" என்று முந்திக்கொண்டேன்.

மேடம் இருவர் பாட்டிலையும் தனித்தனியே ஓட்டினார். அவளுடையது சுத்தம். என்னுடையதில், படிக்கட்டு மாதிரி ஒரே இடைவெளியில் கோடுகள். மேடம் குரலை உயர்த்தவில்லை: "எடை நாப்பத்திநாலு நாப்பத்திநாலா ஏறுது பாருங்க, சோப்புத்தூள் இப்படித்தான் படிபடியா காட்டும். இது க்ரீம் இல்லம்மா, சோப்பு. இன்னொரு தடவை இப்படின்னா தோட்டத்துக்குப் போறது நீங்கதான்."

மறுநாளே, நான் கழுவுகிற ஒவ்வொரு பாட்டிலையும் கடைசியாகச் செல்விதான் அலசவேண்டும் என்று மேடத்திடம் கேட்டு வாங்கிவிட்டேன். இனிமேல் கோடு எழுந்தால் இருவருமாகச் சேர்ந்தே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம்.