முகமூடி கொழுவும் பலகை

நோர்வேயில், ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பழைய மரப்பலகை இருக்கிறது. அதில் ஐந்து கொழுவிகள். ரொம்சோஸில் அப்பா அம்மா இருந்த வீட்டைக் காலி செய்தபோது, "இதையெல்லாம் எதுக்குப் பிள்ளை காவுறாய், கடையிலை புதுசு மலிவாக் கிடக்கு" என்று அப்பா சொல்லச் சொல்ல, நானே திருகாணிகளைக் கழற்றிக் கொண்டுவந்தேன். வருடம் முழுவதும் அதில் குளிர்ச்சட்டைகளும் மகளின் கம்பளித் தொப்பியும் தொங்கும். ஒக்டோபர் மாதத்துக் கடைசி மாலையில் மட்டும் அவற்றை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டுப் பலகையை வெறுமையாக்கி வைப்பேன். அன்றைக்கு அதில் முகமூடிகள் தொங்க வேண்டும். இதை வைத்து எனக்கு வேடம் போடுவதில் பெரிய விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். வேடம் என்றாலே எனக்கு ஆகாது.

காரணம் ஒரு கத்தரிக்காய். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் வினோத உடை நிகழ்ச்சி வைத்தார்கள். மற்ற அம்மாக்கள் பிள்ளைகளை மீன்காரியாகவும் வைத்தியராகவும் அனுப்பினார்கள். என் அம்மாவுக்கோ யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். ஊதா நிறப் படுக்கை விரிப்பைப் பைபோலத் தைத்து, உள்ளே தலையணைகளை அடைத்து, தலையில் பச்சைக் காம்பு ஒன்றைக் கட்டி என்னைக் கத்தரிக்காய் ஆக்கிவிட்டார். கை வெளியே வர வழியில்லை. மைதானத்தில் பாதித் தூரம் நடந்ததும் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது, சொல்ல வெட்கம். பிறகு நடந்ததை ஊதாத் துணி மறைத்தது; என் முகம் மறைக்கவில்லை. எனக்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கோப்பையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதனால் ஹலோவீன் எங்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது எல்லாப் பிள்ளைகளும் துள்ள, நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அந்நாட்களில் அது நோர்வேக்கே புதிது. எங்கள் கட்டடத்து வயதான நோர்வேக்காரர்கள் இது அமெரிக்காக்காரனின் கூத்து என்று முணுமுணுத்தார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பற்றி என்ன கவலை. சூனியக்காரியாகவும் பேயாகவும் மாடிமாடியாக ஏறி மணியடித்து, இனிப்பா குறும்பா என்று கேட்டார்கள். இனிப்புக் கொடுத்தால் போய்விடுவார்கள். கதவே திறக்காவிட்டால் சில வால்கள் முட்டை எறியும்.

அந்த வருடம்தான் அப்பாவின் அக்கா, என் மாமி, திருகோணமலையிலிருந்து எங்களுடன் இருக்க வந்திருந்தார். சமையலறைக்குள் வாய் ஓயாமல் கதைக்கிற மனுசி, வாசல் மணி அடித்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். அப்பாவும் அம்மாவும் மாலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவார்கள். பொய் வயிற்றுவலிக்காரியான நானும் மாமியும்தான் வீட்டில். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மணியடித்தது. மாமி கதவிலிருந்த சின்னத் துளையால் பார்த்தார். வெளியே நின்றது வெள்ளைத் துணியில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வெட்டிப் போர்த்திய ஒரு பேய், என் உயரம்கூட இராது. மாமி விளக்கை அணைத்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். நிலத்தில் இருந்தோம். மணி மறுபடி மறுபடி அடித்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது, கடைசியில் கதவில் ஏதோ பட்டு உடைந்தது. மாமி என் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆளும் ஒளிந்திருப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

காலையில் கதவில் காய்ந்திருந்த முட்டையை மாமி தானே சுரண்டித் துடைத்தார். பள்ளிக்கூடம் போகும் வழியில் அம்மா எனக்குச் சொன்னார். மாமியும் அவர் கணவரான மாமாவும் இருந்த ஊரை ஒருநாள் இலங்கை ஆமி வளைத்தது. ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, தலையில் சாக்குப் போட்ட ஒருவனை முன்னால் நடத்திக்கொண்டு போனார்கள். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. யாருக்கு முன்னால் அந்தத் தலை ஆடியதோ அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமாவுக்கு முன்னால் ஆடியது. அவர் திரும்பி வரவில்லை. "காட்டிக் குடுத்தவன் ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு ஊரிலை எந்த முகத்தைப் பாத்தாலும், இவனோ அவனோ எண்டு யோசிக்க வேண்டியதாப் போச்சு மாமிக்கு" என்றார் அம்மா. என் கத்தரிக்காயை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது மிகவும் சின்னதாகிப் போயிற்று. ஆனாலும் ஒரு வீட்டில் வேடம் பிடிக்காதவர்கள் இரண்டு பேர் என்பதில் மாமியோடு எனக்கு ஒரு சொந்தம் வந்தது.

அதன்பிறகு மாமி யாருக்கும் கதவு திறப்பதில்லை. தபால்காரர் பொதியோடு நின்றாலும் மூச்சுக் காட்டமாட்டார். அப்பா சொல்லிப் பார்த்தார், பிறகு கோபித்துப் பார்த்தார். "எனக்குத் திறக்கேலாது தம்பி. கை வருகுதில்லை" என்பதுதான் பதில். இப்படியே போனால் மாமி இந்த நாட்டில் நான்கு சுவருக்குள்ளேயே முடிந்துவிடுவார் என்று அம்மா பயந்தார். அடுத்த ஹலோவீனுக்கு அவரைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்திவிடலாம் என்றுகூடக் கதைத்தார்கள்.

அப்போதுதான் மூன்றாம் மாடியில் இருந்த என் வகுப்புத் தோழி, இம்முறை நீ என்ன வேடம் என்று கேட்டாள். வயிற்றுவலியை இரண்டாம் தரம் விற்க முடியாது. நான் வேடம் போடுவதில்லை, நான் கதவு திறக்கிற ஆள், எங்கள் வீட்டுக்கு வந்து பார் என்று அவிழ்த்துவிட்டேன். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னபோது அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "கடலை அவிச்சுத் தாறன். கதவை நான் திறப்பன் எண்டு மட்டும் நினையாதை" என்றார்.

அன்று மாலை நான் என் சொந்த முகத்தோடு, கம்பளிச் சட்டையோடு, வீட்டுக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் நின்றேன். உள்ளே மாமி சங்கிலியைக் கொழுவிப் பூட்டியிருந்தார். தோழி இரத்தம் வழியும் வாய் வரைந்த முகமூடியோடு வந்தாள். அவளுடைய தம்பி போன வருடத்து அதே வெள்ளைத் துணியில் வந்தான். முகத்தைக் காட்டினால் சூடாகச் சாப்பிட ஒன்று உண்டு என்று அவர்களுக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை. தின்ன ஏதும் உண்டென்றால் பிள்ளைகள் காரணம் கேட்பதில்லை. துணியையும் முகமூடியையும் என் கையில் தந்தார்கள். நான் கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கி உள்ளே கூப்பிட்டேன்.

"மாமி, மேல்வீட்டுப் பிள்ளையள். முகம் தெரியுது."

உள்ளே மாமியின் காலடி கதவு வரை வந்து நின்றது. பிறகு சங்கிலி அளவுக்குக் கதவு விலகி, மாமியின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் தம்பிக்காரனில் போய் நின்றது. தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருக்க, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றான்.

"இவனுக்குத் தடிமன். தாய் பாக்கேல்லையே," என்றார் மாமி, சங்கிலியைக் கழற்றியபடி.

கையிலிருந்த முகமூடியையும் துணியையும் என்ன செய்வதென்று தெரியாமல் நான் அவற்றை வாசல் பலகையின் கொழுவிகளில் மாட்டினேன். மாமி அந்த வெள்ளைத் துணியின் முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு விரலை ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கம் வந்த தன் விரலைப் பார்த்தார். "உள்ளுக்கை ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கதவைத் திறந்தபின் வந்தவர்களை வாசலோடு அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை. சப்பாத்துக் கழற்ற வைத்து, நிலத்தில் இருத்தி, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையைக் கடதாசிச் சுருளில் கொடுத்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று உறைப்பைப் பாதியாகக் குறைத்தாராம். மாமியின் பாதி மற்றவர்களுக்கு இரண்டு மடங்கு. எல்லோருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஒரு போத்தல் பால் தீர்ந்தது, தம்பிக்காரனின் மூக்கடைப்பும் தீர்ந்தது. அரை மணி நேரத்தில் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படிக்கட்டில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையைக் கண்டு மாமி சிரித்தார். எனக்கு இந்தப் பண்டிகை அன்றைக்குத்தான் பிடித்தது.

அடுத்த மாதம் தபால்காரருக்கும் கதவு திறந்தது. பாவம், அந்த மனிதரும் கடலை தின்றார்.

வருடங்கள் போய்விட்டன. மாமி இப்போது என் அப்பா அம்மாவோடு குரோருட்டில் இருக்கிறார், முழங்கால் சரியில்லை. ஆனாலும் ஒக்டோபர் கடைசி மாலையில் அவரை இங்கே கூட்டிவர வேண்டும். மதுரைக்காரரான என் கணவர் மாமி தாளிப்பதைச் சுண்டல் என்பார், மாமி கடலை என்று திருத்துவார், இருவரும் ஒரே சட்டியிலிருந்து அள்ளித் தின்பார்கள். இன்றும் வாசலில் வேடம் போடாமல் நிற்பது நான்தான். முகத்தைக் காட்டினால்தான் உள்ளே வரலாம் என்ற சட்டமும் மாறவில்லை.

போன ஒக்டோபரில் நான்கு பெரிய பிள்ளைகள் முகமூடிகளைக் கொழுவிவிட்டு உள்ளே போனார்கள். அவர்களோடு வந்த ஒரு சின்னவன் மட்டும் எலும்புக்கூட்டு முகமூடியோடு வாசலிலேயே நின்றான். கழற்றலாமா என்று குனிந்து கேட்டேன். தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. அந்தத் தலையாட்டலை மாமி பார்த்துவிடக் கூடாது என்று கதவைப் பாதி சாத்தினேன். அதற்குள் அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார்.

"ஏன் அந்தப் பிள்ளை வெளியிலை நிக்குது?"

"கழற்ற மாட்டானாம் மாமி."

மாமி அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவிலிருந்த என் கையை மெல்ல எடுத்துவிட்டு, தானே அதை அகலத் திறந்தார்.

"விருப்பமில்லாத பிள்ளையை விடு. உன்னைக் கத்தரிக்காய் ஆக்கினதுபோலை இவனையும் ஆக்கப் போறியே?"

சின்னவன் முகமூடியோடேயே உள்ளே வந்து மாமியின் பக்கத்தில் இருந்து, முகமூடிக்குக் கீழால் கடலையை ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளினான். பலகையில் நான்கு முகமூடிகள் தொங்கின. நான் கண்ணைத் துடைப்பதை மாமி கண்டும் காணாதவர்போல அறைக்குள் போய், கட்டிலில் கிடந்த தன் குளிர்ச்சட்டையை எடுத்து வந்தார்.

"இந்தக் கொழுவி சும்மாதானே கிடக்குது" என்று சட்டையை ஐந்தாவது கொழுவியில் மாட்டினார்.