சூடான பிரேக்கோடு நிற்கக் கூடாது

அன்று கராஜில் இருந்தவர்கள்: பாபு சேட்டன், ஃபோர்மேன், திருச்சூர்க்காரர். ராமில், பிலிப்பைன்ஸ்காரன், வீல் அலைன்மென்ட் பார்ப்பவன். குல் கான், பெஷாவர் பக்கம், டயர் வேலை. சின்ன அர்பாப், அதாவது முதலாளியின் மகன், வண்டிக்குச் சொந்தக்காரர். அப்புறம் நான். ஐந்து பேரும் லிஃப்ட்டில் தூக்கி நிறுத்திய ஒரு சிவப்பு வண்டியைச் சுற்றி நின்றோம். இரண்டே சீட். பின்னால் ஒரு பை வைக்க இடம் கிடையாது. எந்த ஊருக்கும் போகிற வண்டி இல்லை அது. சனிக்கிழமை டிராக்குக்குப் போகும், வட்டமாகச் சுற்றும், புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும். அதற்கு எந்த வீல், எந்த பிரேக் பேடு என்று மதியத்திலிருந்து பேச்சு. இங்கே வந்து மூன்றாவது வருஷம். இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. எந்த நாடு என்று எழுதவில்லை. இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

ஊரில் யாரும் வீல் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. தேர்வாய் கண்டிகையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் ஷேர் ஆட்டோவில் டயர் வழுக்கையாகிக் கம்பி தெரியும். பஞ்சர் ஆனால் எல்லோரும் இறங்கி நிற்போம். அவ்வளவுதான் வீலைப் பற்றிய பேச்சு. இங்கே சின்ன அர்பாப்புக்கு வண்டியோடு வந்த கறுப்பு இருபது இஞ்ச் வீல்தான் பிடிக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ராமில் அதில் ஒன்றையும், அடித்துச் செய்த அலாய் வீல் ஒன்றையும் கொண்டுவந்து, இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள் என்றான். அர்பாப் தூக்கவில்லை. என்னைக் காட்டினார். நான் தூக்கினேன். அலாய் ஒரு சிமென்ட் சட்டி கனம்கூட இல்லை. லேசான வீல் சீக்கிரம் சுற்றும், சீக்கிரம் நிற்கும். டயரும் மலிவு என்று முதலில் பதினெட்டு இஞ்ச் போட்டுப் பார்த்தோம். உள்ளே பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரில் இடித்தது. பத்தொன்பதில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதுவே போதும் என்றார்கள். நாலு பேர் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. குல் கான் இந்தியில் சொன்னான், எங்கள் ஊர்க் கழுதைக்கு வீலும் கிடையாது, பிரேக்கும் கிடையாது, நிற்க வைப்பது சுலபம், கிளப்புவதுதான் கஷ்டம் என்று. அர்பாப்பும் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிக்கிற வரைக்கும்.

அடுத்து பேடு. மூன்று டப்பா இருந்தது. முதலாவது ரோட்டில் ஓட்டுவதற்கு. சத்தம் வராது, தொட்டதும் பிடிக்கும். ஆனால் டிராக்கில் சூடேறினால் பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. மூன்றாவது முழு ரேஸ் பேடு. அது சூடேறினால்தான் பிடிக்கும். ஆறிக் கிடக்கும்போது கட்டையை வைத்துத் தேய்க்கிற மாதிரி, பிடிக்கவே பிடிக்காது. சத்தமும் போடும். அர்பாப் வீட்டிலிருந்து டிராக்குக்கு ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகிறவர். வழியில் சிக்னலில் நிற்க வேண்டும். அதனால் நடு டப்பா என்று பாபு சேட்டன் முடிவு செய்தார். டப்பாவைப் பிரித்து என் கையில் கொடுத்தார்கள். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் சின்னதாக ஒரு பிசிறு இருந்தது. அச்சிலிருந்து வரும்போது வருகிற பிசிறு. அதை நகத்தால் எடுத்தேன்.

எனக்கு அது பழைய வேலை. எங்கள் ஊரில் மேய்ச்சலுக்கு விட்டிருந்த நிலம் போய் தொழிற்பேட்டை வந்தபோது, மாட்டை விற்றுவிட்டுக் கேட்டில் போய் நின்றவர்களில் நானும் ஒருவன். எட்டாவது வரைக்கும் படித்தவனுக்குக் கான்ட்ராக்ட்தான். பிரேக் பேடு செய்கிற கம்பெனி. இரும்புத் தூள், நார், பிசின் எல்லாம் கலந்த பொடியை அச்சில் கொட்டி, பிரஸ்ஸை இறக்கி, எண்ணி, ஏற்ற வேண்டும். அந்தப் பொடி நெஞ்சில், சோற்றில், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளையின் சட்டையில் இருக்கும். ஆறு வருஷம் செய்தேன். நான் அழுத்திய பேடு எந்த வண்டியை நிறுத்தியது, யாரைக் காப்பாற்றியது, ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஷிஃப்ட் முடியும்போது சூப்பர்வைசர் வந்து, "நாளைலருந்து வராத. லைன் கொறைக்கிறாங்க" என்றார். கையில் இருந்த அச்சை வைத்துவிட்டு வந்தேன். எங்கள் நிலத்தின் மேல்தான் அந்த கேட் இருந்தது. வெளியே விட்டபோது எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. இங்கே வந்தேன்.

இப்போது என் மகள் விஷயம். ஜெனிக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை கவரப்பேட்டை. நாங்கள் கிறிஸ்தவர்கள். சாம்பல் புதன் வந்துவிட்டால் நாற்பது நாள் தவக்காலம், கோயிலில் கல்யாணம் நடக்காது. அதனால் அதற்கு முந்தின திங்கட்கிழமை என்று சாமியார் நாள் கொடுத்திருந்தார். என் லீவு அதை வைத்துத்தான். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால், புதன்கிழமை விமானம். ஊருக்கு வருகிறவன் என்னென்ன வாங்குவானோ எல்லாம் வாங்கிப் பெட்டி கட்டி, எடை பார்த்து, கட்டிலுக்கடியில் வைத்தாயிற்று. என்னைப் போல இருப்பவர்களுக்கு இது தெரியும். பெட்டி கட்டிய பிறகு ஆள் பாதி அங்கே போய்விடுவான். வேலை செய்கிற கைதான் இங்கே இருக்கும்.

விமானத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை சாயங்காலம் வீல், பேடு எல்லாம் மாட்டி முடித்தேன். அர்பாப் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டார். "தாஸ், மேக் ரெடி. சாட்டர்டே ஐ டோன்ட் வான்ட் பிராப்ளம்." அவ்வளவுதான் சொன்னார். புதுப் பேடை அப்படியே டிராக்குக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் ரோட்டில் ஓட்டிப் பழக்க வேண்டும். நூறில் போய் முப்பதுக்கு இறக்க வேண்டும். முழுக்க நிற்கக் கூடாது. திரும்ப நூறு, திரும்ப முப்பது. பேடில் இருக்கிற பிசின் எரிந்து ஒரு நாற்றம் வரும். அது வந்து அடங்கியதும், பிரேக்கைத் தொடாமல் காற்றில் ஆறவிட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்தச் சூட்டில் மிதித்து நின்றால், வீலோடு சுற்றுகிற இரும்புத் தட்டில், அதுதான் டிஸ்க், பேடு ஒட்டித் தழும்பு போட்டுவிடும். அப்புறம் எப்போது மிதித்தாலும் பெடல் உதறும். டிஸ்க்கையே மாற்ற வேண்டும். இதை பாபு சேட்டன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கராஜுக்குப் பின்னால் குடோன்கள் இருக்கிற ரோடு வெள்ளிக்கிழமை காலையில் காலியாக இருக்கும். அங்கேதான் எப்போதும் செய்வோம். எனக்கு இங்கே லைசென்ஸ் இருக்கிறது.

விடிந்ததும் எடுத்தேன். நாலாவது, ஐந்தாவது தடவை மிதித்தபோது நாற்றம் வந்தது. பிரஸ் ஷாப் நாற்றம். கண்ணை மூடினால் தேர்வாய் கண்டிகை. கண்ணை மூடவில்லை. கண்ணாடியைத் திறந்து விட்டேன். மணல்தான் தெரிந்தது. நாற்றம் அடங்கியது. காலை எடுத்துவிட்டு ஆறவிட ஆரம்பித்தேன். அப்போதுதான் பின்னால் நீல விளக்கு. போலீஸ். மைக்கில் நிற்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகக் கையை வெளியே நீட்டி, நிற்கிறேன் என்று காட்டினேன். ஆனால் நிற்கவில்லை. நாற்பதில் போய்க்கொண்டே இருந்தேன். டிஸ்க் அனலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஆறட்டும், ரோடு முடிகிற இடத்தில் தானாக ஓய்ந்து நிற்கும் என்று இருந்தேன். அவர்கள் இரண்டு தடவை சொன்னார்கள். பிறகு இன்னொரு வண்டி முன்னால் வந்து குறுக்கே நின்றது. அதற்குள் என் வண்டி ஓய்ந்திருந்தது. கை பிரேக்கைக்கூடப் போடாமல், கியரில் விட்டுவிட்டு இறங்கினேன்.

"வொய் பிரேக், பிரேக், பிரேக்? நோபடி இன் ஃப்ரன்ட்" என்றார் பெரிய போலீஸ்காரர்.

"நியூ பிரேக் சார். மேக்கிங் ஹாட்."

"பிரேக் ஓகே?"

"வெரி குட் பிரேக் சார்."

"தென் வொய் யூ நாட் ஸ்டாப்?"

இதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. டிஸ்க்கைக் காட்டினேன். "ஹாட் சார். ஸ்டாப், டேமேஜ்." அவர் வீல் பக்கம் குனிந்து பார்த்தார். என் உடுப்பைப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் ஹெல்ப்பர் என்று இருந்தது. வண்டியின் விலை அவருக்குத் தெரியும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆளில்லாத ரோட்டில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான், கை காட்டினால் ஓடுகிறான். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னையும்.

பாபு சேட்டன் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தார். "தாசே, கை காட்டினா நிக்க வேண்டாமோ?" என்றார். டிஸ்க் சூடு என்றேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். சின்ன அர்பாப்பும் வந்தார். போலீஸிடம் அவர் சொன்னது பொய் இல்லை. "ஐ செட் மேக் ரெடி. ஐ டிட் நாட் சே ரோடு." ரோடு என்று அவர் சொல்லவில்லைதான். ரோடு இல்லாமல் அதை எங்கே செய்வது என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் திரும்பி, சனிக்கிழமை போய்விட்டது, வண்டி ஒரு மாதம் உள்ளே என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். மறுநாள் என்னை விட்டார்கள். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள். கேஸ் முடியும் வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது. எப்போது முடியும் என்று கேட்டேன். முடியும்போது என்றார்கள்.

ஸ்டெல்லாவுக்கு, என் மனைவிக்கு, ஃபோனில் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்தினாள்.

"நிக்க சொன்னா நிக்காம இன்னாத்துக்கு ஓட்டிக்கினு போன?"

"டிஸ்க்கு போயிடும்."

"போனா போவுது. உன் ஊட்டு டிஸ்க்கா அது?"

கோடு போட்ட மாதிரி வேலை செய்கிறவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை வாங்க நான் என்ன கொடுத்தேன் என்று அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். அண்ணன் ஃபோனை வாங்கினார். "டேய், ஈஸ்டருக்கு அப்புறம் வச்சிக்கலாம்டா. மாப்ள ஊட்ல நான் பேசிக்கிறேன்." அப்போது ஜெனி குறுக்கே வந்தாள். "நைனா, நீ வராம நான் பண்ணிக்க மாட்டேன். சொல்லிட்டேன்." பின்னால் யாரோ பத்திரிகை கொடுத்தாயிற்று, பந்தல் சொல்லியாயிற்று என்று பேசுவது கேட்டது. தள்ளிப் போடலாம். ஈஸ்டருக்கும் நான் வரவில்லை என்றால்? அதற்கப்புறமும் வரவில்லை என்றால்? இந்த நாட்டில் கேஸ் முடிகிற நாளை வைத்து ஒரு பெண்ணை உட்கார வைக்க முடியாது. "பேஜார் பண்ணாத ஜெனி. நடக்கட்டும். பெரியப்பா கூட்டிக்கினு போவாரு" என்றேன். அவள் ஃபோனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அறையில் உட்கார்ந்து என்ன செய்வது. அங்கே பத்து மணிப் பூசை, இங்கே எட்டரை. அண்ணன் மகன் வீடியோ கால் போட்டான். டயர் அடுக்கின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்தேன். என்ன என்று கேட்டுக்கொண்டு வந்த குல் கான் பார்த்தான். போய் கம்ப்ரசரை அணைத்தான். பாட்டு கேட்டது. அண்ணன் என் மகளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குக் கோட் கொஞ்சம் பெரிசு. ஜெனி ஃபோன் இருக்கிற பக்கம் பார்க்கவில்லை. மோதிரம் போடும்போது படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாபு சேட்டன் லட்டு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். முதலில் எனக்குக் கொடுத்தார். பெண்ணின் அப்பா என்று ராமிலிடம் சொன்னார். ராமில் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கிரீஸ் கை. என் கையும் அதுதான். பிறகு கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. ஒரு லாரிக்கு வீல் கழற்றினேன்.

எங்கள் பக்கம் கல்யாணச் சாப்பாட்டில் பெண்ணின் அப்பா உட்கார்ந்து சாப்பிட மாட்டார். பந்தி வாசலில் நிற்பார். வருகிறவனை உட்காரச் சொல்லுவார், போகிறவனிடம் பீடா எடுத்தாயா என்பார், நடுவில் இலையை எண்ணுவார். சமையல்காரர் ஒரு கணக்குச் சொல்லுவார், இவர் ஒரு கணக்குச் சொல்லுவார், சண்டை நடக்கும். எல்லோரும் போன பிறகுதான் கடைசி பந்தியில் அவருக்கு இலை. இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் கராஜ் பின்பக்கம் போய் நின்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். ரோட்டைப் பார்த்து நின்றேன். அந்த ரோடுதான். பாத்திரம் இழுக்கிற சத்தம் கேட்டது. நம் ஜனங்கள் சத்தம் போட்டுப் பேசுவது கேட்டது. யாரோ பிரியாணியில் உப்பு என்றார்கள். இன்னொருவர், "வாயில போட்டுக்கினே பேசு" என்றார்.

"இலை எண்ணீங்களா?" என்றேன்.

"எண்ணாம? உங்க அண்ணன்தான் நின்னாரு. சமையல்காரன் கூட சண்ட வேற."

"எத்தினி?"

"இரு, கேட்டு சொல்றேன்."

காத்திருந்தேன்.

"என்னையும் சேத்து சொல்ல சொல்லாத" என்றேன்.

"நீ எங்க உக்காந்த, உன்ன சேக்கறதுக்கு" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு சொன்னாள்.

முந்நூற்று எண்பத்தாறு.