இடப்பக்கமே வளையும் ஓடுதளம்

எல்லா ஊரிலும் ஓட்டப்பந்தயம் இடப்பக்கமாகவே வளைகிறதே, ஏன் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

ஜெர்மனியில் எங்கள் வூப்பர்டால் நகரில் கேட்டவள் பேருந்து ஓட்டும் உல்ரிக்க. மோட்டார் சைக்கிள் விபத்தில் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கடவுள் சோதிக்கிறார் என்று ஆறுதல் சொல்ல வந்த பாதிரியாரிடம், "சோதனை முடிஞ்சதும் காலைத் திருப்பித் தருவாரா?" என்று கேட்டு வழியனுப்பியவள்.

ஓடும்போது அவள் மாட்டிக்கொள்வது கார்பனில் செய்த வளைந்த பட்டை. மிதித்தால் வில்லாக அமுங்கி முன்னே தள்ளும். ஆனால் கணுக்காலைப்போல் பக்கவாட்டில் சாயத் தெரியாது. வளைவில் உடம்பு உள்பக்கம் சாயும்போது உள்பக்கக் கால்தான் திணறும். அவளுக்கு அது எப்போதும் இடக்கால். அவளுடைய சிநேகிதி பிர்கிட்டுக்கு இல்லாதது வலக்கால். நேர்ப்பாதையில் இருவரும் சமம். வளைவில் மட்டும் பிர்கிட் முந்துவாள். பட்டையைச் சரித்துப் பொருத்திப் பார்த்தார்கள். வளைவு தேறியது, நேர்ப்பாதை கெட்டது.

மாநில அணியில் இருநூறு மீட்டருக்கு ஒரே இடம். தேர்வு நாளில் நான் மைதானத்து ஓரம் சாசேஜ் இறைச்சி சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன்.

"டீட்டர், ரெண்டு பக்கமும் ஓட விடு. ரெண்டு நேரத்தையும் கூட்டி ஆளை எடு," என்றாள் உல்ரிக்க.

நடுவர் டீட்டர் தலையை ஆட்டினார். "சட்டம் இடப்பக்கம்தான்."

"எழுதினவனுக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும்."

"உலகமே இப்படித்தாம்மா ஓடுது."

"என் பஸ் ரெண்டு பக்கமும் திரும்புது. உன் மைதானத்துக்கு மட்டும் கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

கூட்டம் சிரித்தது. டீட்டர் விசில் ஊதினார். பிர்கிட் ஜெயித்தாள், அணிக்கும் தேர்வானாள்.

ஆனால் அவள் கைகுலுக்கக்கூட நிற்கவில்லை. "வாடி, வந்த வழியே திரும்பி ஓடுவோம். எனக்கும் தெரியணும்."

ஓடினார்கள். நேர்ப்பாதை முடியும்வரை தோளோடு தோள். வளைவில் பிர்கிட்டின் பட்டை உள்பக்கமானது, அவள் தடுமாறினாள். உல்ரிக்க தெளிவாக முந்தினாள்.

பிர்கிட் மூச்சு வாங்கினாள். "கடங்காரி, இத்தனை வருஷமா இதோடயா ஓடினே? டீட்டர், பாத்தியா?"

"பாத்தேன். கணக்குல வராது."

கண்ணால் பார்த்தது கணக்கில் வராதாம். எவனோ எப்போதோ போட்ட வழக்கம் வருமாம். இதற்கு மதம் என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு கோயிலாவது கிடைக்கும். உல்ரிக்க இந்த ஆண்டும் வீட்டில்தான்.

உங்கள் ஊர் மைதானத்தில் ஒரு பந்தயத்தையாவது எதிர்த்திசையில் நடத்தச் சொல்லுங்கள். கூடாது என்பவரிடம் காரணம் கேளுங்கள். "வழக்கம்" என்று முடித்தால் விட்டுவிடாதீர்கள்.